எந்தத் தார்? நிலக்கரித் தாரின் வளையச் சேர்மங்களும் அவை தங்கிவிடும் மண்ணும்

தென்னாப்பிரிக்காவின் நியூகாசில் உருக்காலையில் நீள்வகை எஃகு (கம்பி, தண்டவாளம் போன்றவை) உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஆர்சலர்மிட்டல் நிறுவனம் 2025-இன் தொடக்கத்தில் அறிவித்தபோது பேச்செல்லாம் வேலையிழப்பைப் பற்றியே இருந்தது. அது இயல்பே. ஆனால் நிலக்கரியைச் சுட்டுக் கல்கரி (கோக்) ஆக்கும் உலைகள் உள்ள ஓர் ஆலையைப் பற்றி இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் இன்னொரு கேள்வியும் உடன் வருகிறது: இத்தனை ஆண்டுகளாக அங்கே வடிந்த தார் எங்கே போயிற்று, அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியிருக்கும்? டர்பனின் தென்பகுதியில், 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பின் எஞ்சன் சுத்திகரிப்பு ஆலையும் 2022-இல் சாப்ரெஃப் ஆலையும் நின்றுபோனபோது, அங்குள்ள மெர்பேங்க் பகுதி மக்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

அதற்கு விடையாகக் கிடைக்கும் அறிக்கைகளில் ‘பி.டி.இ.எக்ஸ்.’, ‘பி.ஏ.எச்.’ என்ற எழுத்துக் கூட்டங்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அவை எதைக் குறிக்கின்றன என்று தெரியாமல் அந்த அறிக்கைகளைப் படிப்பதும் படிக்காமல் விடுவதும் ஒன்றுதான். இந்தக் கட்டுரை அந்த எழுத்துகளுக்குப் பின்னாலுள்ள பொருள்களை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது. முதன்மையாக இது நிலக்கரித் தாரைப் பற்றியது. பெட்ரோலியத்திலும் இதே குடும்பத்துச் சேர்மங்கள் இருப்பதால், டர்பன் வாசகர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு.

ஒரு சொல், இரு பொருள்

குழப்பத்தின் முதல் காரணம் மொழியிலேயே இருக்கிறது. சாலையில் ஊற்றும் கருப்புப் பொருள் எதுவானாலும் நமக்கு அது ‘தார்’. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்திலும் எல்லாச் சாலையும் தார் ரோடுதான். ஆனால் இந்தப் பெயருக்குள் இருவேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

1. பிட்டுமன். தமிழில் நிலக்கீல் என்றும் சொல்வார்கள். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த பிறகு அடியில் தங்கும் கெட்டியான எச்சம் இது. எண்ணெயில் ஏற்கனவே இருந்தவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையே இங்கே நடக்கிறது; மூலக்கூறுகள் பெரிதாகச் சிதைந்து மறுபடி கூடுவதில்லை.

2. நிலக்கரித் தார். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டால் வெளியேறும் ஆவி குளிர்ந்து வடியும் குழம்பு இது. கடும் வெப்பத்தில் நிலக்கரியின் மூலக்கூறுகள் உடைந்து, உடைந்த துண்டுகள் வளையங்களாகக் கோத்துக்கொள்கின்றன. நிலக்கரியில் முன்பு இல்லாத பொருள்கள் உலைக்குள் புதிதாய் உருவாகின்றன.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளடக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. இப்படி வளையங்களாகக் கோத்த சேர்மங்களில் மிகவும் அஞ்சப்படுவது, புற்றுநோய் தரும் பென்சோ-ஏ-பைரீன். பிட்டுமனில் அது கிலோவுக்குச் சில மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். நிலக்கரித் தாரின் கெட்டிக் கசடிலோ கிலோவுக்கு ஏறத்தாழ 10,000 மில்லிகிராம், அதாவது நூற்றில் ஒரு பங்கு வரை இருக்கக்கூடும். அமெரிக்காவில் வாகன நிறுத்துமிடங்களுக்குப் பூசும் கருப்புப் பூச்சுகளை ஆராய்ந்தபோது, நிலக்கரித் தாரில் செய்த பூச்சில் வளையச் சேர்மங்கள் பிட்டுமன் பூச்சில் இருப்பதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு இருந்தன. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் 2006-இல் முந்தைய வகையைத் தடைசெய்தது. இரு பூச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆகவே ‘தாரால் மாசு’ என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி ‘எந்தத் தார்?’ என்பதாகவே இருக்க வேண்டும்.

தார் பிறக்கும் விதம்

இரும்புத் தாதிலிருந்து இரும்பைப் பிரிக்கக் கல்கரி வேண்டும். அதற்காக நிலக்கரியைக் குறுகலான, உயரமான உலைகளில் அடைத்து, காற்றை மறித்து, 1,000 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் வரை பல மணிநேரம் சூடாக்குகிறார்கள். ஒரு டன் நிலக்கரியிலிருந்து ஏறத்தாழ முக்கால் டன் கல்கரியும், 30 முதல் 45 கிலோ வரை தாரும், மீதிக்கு வாயுவும் அம்மோனியா கலந்த நீரும் கிடைக்கும். சதவீதத்தில் தார் சொற்பம்தான். ஆனால் ஓர் உருக்காலை ஆண்டுக்கு இலட்சக்கணக்கான டன் நிலக்கரியைச் சுடுகிறது என்பதை நினைவில் கொண்டால் அந்தச் சொற்பம் எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

இந்தத் தாரை மீண்டும் காய்ச்சி வடித்தால், வெப்பம் ஏற ஏற ஒவ்வொரு பகுதியாகப் பிரியும். பள்ளிப் பாடநூல்களில் வரும் பட்டியல்தான் இது:

1. 170 டிகிரி வரை இலகு எண்ணெய்: பென்சீன், டொலுவீன், சைலீன். (இன்றைய உலைகளில் இவற்றின் பெரும்பகுதி வாயுவோடு போய், அங்கே தனியாகக் கழுவி எடுக்கப்படுகிறது.)
2. 170 முதல் 230 வரை நடு எண்ணெய்: பீனால், நாஃப்தலீன். தாரில் தனியொரு சேர்மமாக மிக அதிகம் இருப்பது நாஃப்தலீன்தான். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.
3. 230 முதல் 270 வரை கன எண்ணெய்: கிரியோசோட் என்ற பெயரில் மரத்தைப் பதப்படுத்தப் பயன்படுவதன் பெரும்பகுதி.
4. 270 முதல் 360 வரை ஆந்த்ரசீன் எண்ணெய்.
5. அடியில் தங்குவது கீல் போன்ற கசடு. மொத்தத் தாரில் ஏறத்தாழ பாதி இதுவே.

தொடக்கத்தில் இதை யாரும் மதிக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் தெருவிளக்குக்கு வாயு தயாரித்த ஆலைகளுக்குத் தார் ஒரு தொல்லை. ஆற்றில் விட்டார்கள், குழியில் கொட்டினார்கள். 1845-இல் வேதியியலாளர் ஹோஃப்மன் அதில் பென்சீன் இருப்பதைக் காட்டினார். அவருடைய மாணவர் மான்ஸ்ஃபீல்ட் அதை வடித்தெடுக்கும் முறையை உருவாக்கினார். 1855-இல் வடிகலனில் தீப்பிடித்துப் பட்ட காயத்தால் இறந்தார். 1856-இல் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைச் செய்தார். சில ஆண்டுகளில் ஆந்த்ரசீனிலிருந்து அலிசரின் என்ற சிவப்புச் சாயம் வந்தது. சோழமண்டலக் கரையில் மணலைத் தோண்டிச் சாயவேர் எடுத்துப் பிழைத்தவர்களின் தொழில் படுத்ததற்கு இந்த அலிசரின் ஒரு முக்கியக் காரணம், ஏனெனில் சாயவேரிலும் செந்நிறம் தருவது அதே பொருள்தான். இது பேசுபொருளிலிருந்து சற்று விலகல்தான் என்றாலும், தார் நம்மவர் வாழ்வைத் தொட்டது சாலை போட்டபோதுதான் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லா நிலக்கரித் தாரும் ஒரே மாதிரியானதும் அன்று. செகுண்டாவில் சசோல் நிறுவனம் நிலக்கரியை வாயுவாக்கி எரிபொருள் செய்யும்போது துணைப்பொருளாக வரும் தார், கல்கரி உலையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருவாவது. அதில் பீனால் வகைகள் கூடுதலாகவும், பெரிய வளையச் சேர்மங்கள் குறைவாகவும் இருக்கும். நீரில் எளிதாகக் கரைவதால் பீனால் கசிந்தால் ஆற்றை உடனே பாதிக்கும். கல்கரித் தாரின் பெரிய வளையங்களோ மண்ணில் நெடுங்காலம் தங்கும். இரண்டும் வெவ்வேறு வகைத் தீங்கு.

வளையங்களின் கணக்கு

ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்து நின்றால் அது பென்சீன். இந்த வடிவத்தை 1865-இல் கெக்குலே முன்வைத்தார். வளையம் முழுவதற்கும் பொதுவாக எலக்ட்ரான்கள் பரவிக் கிடப்பதால் அதை உடைப்பது கடினம். இவ்வகைச் சேர்மங்களில் சில நல்ல மணம் தந்ததால் தொடக்கத்தில் ‘அரோமாட்டிக்’ என்று பெயர் வைத்தார்கள். அதைத் தமிழில் ‘நறுமணச் சேர்மங்கள்’ என்று மொழிபெயர்க்கும் வழக்கம் எனக்கு உவப்பானதில்லை. கல்கரி ஆலையின் பக்கம் ஒருமுறை போனவர் யாரும் அந்தப் பெயரை ஒத்துக்கொள்ள மாட்டார். இங்கே அரோமாட்டிக் என்றே எழுதுகிறேன்.

வளையங்கள் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டால் கிடைப்பவை பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள். அறிக்கைகளில் வரும் பி.ஏ.எச். இவைதான். பி.டி.இ.எக்ஸ். என்பது பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்ற நான்கு ஒற்றைவளையப் பொருள்களின் முதலெழுத்துகள். பி.ஏ.எச். நூற்றுக்கணக்கில் உண்டு; அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் அவற்றில் 16-ஐத் தேர்ந்து வைத்த பட்டியலையே உலகெங்கும் ஆய்வகங்கள் அளக்கின்றன. பட்டியலில் இல்லாதவை தீங்கற்றவை என்று இதற்குப் பொருளில்லை.

வளையங்களை எண்ணினாலே ஒரு சேர்மம் எப்படி நடந்துகொள்ளும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1. ஒரு வளையம்: பென்சீன் 80 டிகிரியிலேயே கொதிக்கும், எளிதில் ஆவியாகும், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.8 கிராம் கரையும்.

2. இரண்டு வளையம்: நாஃப்தலீன் அறை வெப்பத்தில் திண்மம், ஆனாலும் உருகாமலே மெல்ல ஆவியாகும். அலமாரியில் பட்டுப்புடவைக்கு இடையில் போட்ட அந்துருண்டை சில மாதங்களில் கடுகளவாகச் சுருங்கிக் காணாமல் போவது இதனால்தான். ஒரு லிட்டர் நீரில் இது 30 மில்லிகிராம் அளவே கரையும்.

3. ஐந்து வளையம்: பென்சோ-ஏ-பைரீன் ஆவியாவதே அரிது. நீரில் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டும் கரையும். கொழுப்பிலும், மண்ணின் மட்கிலும், புகைக்கரியிலும் இறுக ஒட்டிக்கொள்ளும்.

இந்த எண்களை உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்புகளோடு வைத்துப் பார்த்தால் ஒரு முக்கியமான செய்தி தெரிகிறது. பென்சீனுக்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நீர் பென்சீனை முழு அளவில் கரைத்துக்கொண்டால் வரம்பைப்போல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மடங்கு ஆகிவிடும். ஒரு சிறு கசிவு ஒரு பெருங்கிணற்றைக் கெடுக்கப் போதும். பென்சோ-ஏ-பைரீனுக்கு வரம்பு 0.7 மைக்ரோகிராம். நீர் அதை முழு அளவில் கரைத்துக்கொண்டாலும் வரம்பைச் சில மடங்குதான் தாண்ட முடியும். ஆகவே கிணற்று நீரில் தேட வேண்டியது முதலில் ஒற்றைவளையப் பொருளை. மண்ணிலும் தூசியிலும் சேற்றிலும் தேட வேண்டியது ஐந்துவளையப் பொருளை. நீரைச் சோதித்து ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்தால், அது மண்ணைப் பற்றி எதையும் சொல்லிவிடவில்லை.

வாடை போனால் விஷம் போயிற்றா?

‘இப்போது அந்த வாடையே இல்லை’ என்று ஆறுதல் கொள்வது இயல்பு. ஆனால் தார்க் கிடங்கின் வாடை பெரும்பாலும் நாஃப்தலீன், பீனால் போன்ற இலகுவானவற்றின் வாடை. அவை வெயிலுக்கும் காற்றுக்கும் பாக்டீரியாவுக்கும் முதலில் இரையாகின்றன. நான்கு, ஐந்து, ஆறு வளையங்கள் கொண்டவை மூக்குக்கு எட்டாமல் அங்கேயே கிடக்கின்றன. ஆக, பழைய தார் மண்ணில் வாடை குறையக் குறைய, மீந்திருப்பதில் கொடியவற்றின் விகிதம் கூடுகிறது. மூக்கு அண்மைக் கசிவைத்தான் காட்டிக்கொடுக்கும், பழையதைக் காட்டாது.

இன்னொரு தவறான நம்பிக்கை, எண்ணெய் போன்றது எதுவானாலும் நீரில் மிதக்கும் என்பது. பெட்ரோல் மிதக்கும். நிலக்கரித் தார் நீரைவிடக் கனமானது; பெரும்பாலும் 1.1 முதல் 1.2 மடங்கு. கசிந்த தார் நிலத்தடி நீர்மட்டத்தில் நிற்காமல் அதையும் துளைத்துக்கொண்டு கீழே போய், களிமண்ணோ பாறையோ தடுக்கும் வரை இறங்கி, பாறை வெடிப்புகளில் குளம்போல் தேங்குகிறது. மேலே ஓடும் நிலத்தடி நீர் அந்தக் குளத்தைத் தொட்டுத் தொட்டுச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகும். இது பல தலைமுறைக்கு நீளும் கணக்கு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் பார்க் என்ற ஊரில் 1917 முதல் 1972 வரை ஒரு தார் ஆலை நடந்தது. ஆலை மூடிய பிறகு, 1978-இல் ஊரின் குடிநீர்க் கிணறுகளை அடைக்க வேண்டியதாயிற்று. ஆலை வளாகத்தில் இருந்த சுமார் 275 மீட்டர் ஆழக் கிணறு ஒன்றின் அடியிலேயே தார் தேங்கியிருந்தது.

ஆற்றுச் சேற்றில் கதை வேறு. அங்கே சேர்மங்கள் மண்துகளில் ஒட்டிக்கொண்டு, அடிமட்டத்தில் மேயும் உயிர்களுக்குள் போகின்றன. மீனின் ஈரல் இவற்றைச் சிதைத்து வெளியேற்ற வல்லது. அதனால் மீன் தசையில் இவை அதிகம் சேர்வதில்லை, ஆனால் சிதைக்கும் வேலையில் ஈரலே பழுதாகிறது. ஓகையோவின் பிளாக் ஆற்றில், கல்கரி ஆலைக்குக் கீழே வாழ்ந்த கெளுத்தி வகை மீன்களின் ஈரலில் கட்டிகள் மிகுந்திருந்ததும், 1983-இல் ஆலை மூடிய பின் அவை குறைந்ததும் பதிவாகியுள்ளன. சிப்பி, மட்டி போன்றவற்றுக்கு இந்தச் சிதைக்கும் திறன் மிகக் குறைவு. ஆகவே துறைமுகப் பாறையில் பறித்த மட்டியை மீனைவிடச் சற்று ஐயத்துடனே பார்க்க வேண்டும்.

உடலுக்குள் நடப்பது

1775-இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்கு வளர்ந்த பிறகு விரைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். 1915-இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தாரைத் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். தாரில் எந்தப் பொருள் இதைச் செய்கிறது? லண்டனில் கென்னவேயின் குழு இரண்டு டன் தார்க் கசடைப் படிப்படியாகப் பிரித்து, 1933-இல் பென்சோ-ஏ-பைரீனைத் தனித்துக் காட்டியது.

வியப்பு என்னவென்றால், அந்தச் சேர்மம் தன்னளவில் மந்தமானது. உடல் அதை நீரில் கரையும் வடிவாக்கி வெளியே தள்ள முயலும்போது, ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நொதிகள் அதன் ஓரத்தில் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. இடையில் பிறக்கும் ஒரு வடிவம் டி.என்.ஏ.வில் குவானின் என்ற எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டு நீங்காமல் செல் பிரிந்தால் எழுத்துப்பிழை நிலைத்துவிடும். வெளியேற்றும் முயற்சியே கேட்டை உண்டாக்குகிறது. பென்சீன் வேறு வழியில் எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் நிலக்கரித் தார்க் கசடு, கல்கரி உற்பத்தி, பென்சீன், பென்சோ-ஏ-பைரீன் ஆகியவற்றை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கிரியோசோட் அதற்கு அடுத்த நிலையிலும், நாஃப்தலீன் அதற்கும் கீழேயும் உள்ளன. இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கின்றன; எவ்வளவு பட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அவை சொல்வதில்லை. தோல் நோய்க்குத் தார் கலந்த ஷாம்புவைச் சில வாரம் தேய்ப்பவரையும், கல்கரி உலையின் மேல்தளத்தில் முப்பது ஆண்டு புகையைச் சுவாசித்தவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது சரியாகாது.

இந்த நாட்டில் எங்கெங்கே

1. பழைய வாயு ஆலைகள். ஜோகன்னஸ்பர்க்கின் காட்ஸ்லோவில் 1920-களின் இறுதியிலிருந்து 1992 வரை நிலக்கரியிலிருந்து நகர வாயு தயாரித்தார்கள். செங்கல் கோபுரங்களைக் காட்டி அதை மரபுச் சின்னம் என்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இவ்வகை ஆலைகள் உலகில் எங்கிருந்தாலும் அவற்றின் நிலத்தடித் தார்த் தொட்டிகளைச் சுற்றியுள்ள மண்ணைச் சோதிக்காமல் அங்கே வீடு கட்டுவது அறிவுடைமை ஆகாது.

2. உருக்காலைகள். வாண்டர்பைல்பார்க்கில், ஆலையின் மேற்கே ஸ்டீல் வேலி எனப்பட்ட சிறுநிலங்களில் வாழ்ந்தவர்களின் கிணறுகள் ஆலையின் கழிவுக் குளங்களால் கெட்டதும், அவர்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்ததும் இந்த நாட்டின் சூழல் வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. அங்கே தார்ப் பொருள்களோடு உப்புகளும் உலோகங்களும் கலந்திருந்தன.

3. அலுமினியம். ரிச்சர்ட்ஸ் பேயில் உள்ள அலுமினிய ஆலையில் இரும்போ கல்கரியோ இல்லை என்பதால் தாரும் இருக்காது என்று நினைப்போம். ஆனால் அலுமினியத்தைப் பிரிக்கும் மின்தொட்டிகளில் தொங்கவிடும் கார்பன் கட்டைகளைப் பிணைக்கும் பசை நிலக்கரித் தார்க் கசடுதான். அந்தக் கட்டைகளைச் சுடும் உலையின் புகையை வடிகட்டுவது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதைப் பொறுத்தே அங்கே நிலைமை.

4. சாலைகள். கடந்த நூற்றாண்டில் இந்நாட்டுச் சாலைகளில் அடிப்பூச்சாகவும் பிணைப்பாகவும் நிலக்கரித் தார் நிறையப் பயன்பட்டது. பிட்டுமன் பிற்பாடு அதன் இடத்தைப் பிடித்தது. பழைய சாலையைப் பெயர்த்து எடுக்கும்போதுதான் சிக்கல்: அந்தத் துண்டுகளைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தினால், அடியில் அடங்கிக் கிடந்தது புகையாக எழுந்து தொழிலாளியின் முகத்தில் அடிக்கும்.

5. கம்பங்கள், தண்டவாளக் கட்டைகள். கரையானுக்கு அஞ்சி நாடெங்கும் யூக்கலிப்டஸ், பைன் மரங்களைக் கிரியோசோட்டில் ஊறவைத்து மின்கம்பமாகவும் வேலிக்காலாகவும் நடுகிறார்கள். கடும் வெயிலில் கம்பத்தின் அடியில் கருப்பாகப் பிசுபிசுவென வழிவது இதுதான்.

இவை போக, தார் இல்லாமலும் இதே வளையங்கள் பிறக்கும். எது அரைகுறையாக எரிந்தாலும் சரி: டீசல் புகை, ஹைவெல்ட் என்னும் மேட்டுநிலத்தின் குளிரில் தகர டிரம்மில் எரியும் நிலக்கரி, அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு இடும் தீ. நேட்டால் கரையோரத்தில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் சுருள் சுருளாக வந்து விழும் கரும்புச் சாம்பலை விரலால் தொட்டு நசுக்கினால் கருமையாக இழுபடுமே, அந்தக் கருமையிலும் இவை உண்டு. அளவு வேறு, தொடர்ச்சி வேறு. ஆனால் மண்ணைச் சோதிப்பவர் இவற்றையெல்லாம் கழித்த பிறகே ஆலையின் மீது விரல் நீட்ட முடியும். எந்தெந்தச் சேர்மம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்த்து மூலத்தைக் கணிக்கும் முறை இதற்கென்றே வளர்ந்திருக்கிறது.

வீட்டுக்கும் கோயிலுக்கும் அருகில்

பழைய தண்டவாளக் கட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று தோட்டத்துப் பாத்திக்கு வரப்பாக வைப்பது இங்கே பரவலான வழக்கம். பூச்செடிக்கு வைப்பதில் பெரிய கேடில்லை. கீரை, வெங்காயத்தாள், கொத்தமல்லி போன்றவற்றைச் சுற்றி வைக்க வேண்டாம். ஐந்துவளையச் சேர்மங்கள் வேர் வழியே ஏறுவது மிகக் குறைவுதான். ஆனால் மழையில் தெறிக்கும் மண் இலையில் ஒட்டுகிறது, குழந்தையின் விரலிலும் ஒட்டுகிறது.

எரிப்பது வைப்பதைவிட மோசம். ப்ராய் (திறந்தவெளியில் இறைச்சி சுடும்) அடுப்புக்கோ, தீமிதிக் குழிக்கோ விறகு சேர்க்கும்போது, யாரோ அன்போடு கொண்டுவந்து இறக்கிய பழைய கம்பத்துண்டு அதில் இருக்கக் கூடாது. கருப்பாகவும் எண்ணெய்ப் பசையோடும் இருந்தால் கிரியோசோட். பச்சை சாயல் இருந்தால் பெரும்பாலும் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து. முந்தையதன் புகை நுரையீரலுக்குக் கேடு; பிந்தையதன் சாம்பலில் ஆர்சனிக் தங்கும். விரதமிருந்து வெறுங்காலோடு கங்கில் நடப்பவர்களும், குழந்தையைத் தோளில் வைத்துச் சுற்றி நிற்பவர்களும் சுவாசிக்கும் புகை அது. விறகுக் குவியலை மாலைக்குள் ஒருமுறை புரட்டிப் பார்க்க ஓர் ஆளை நியமித்தால் போதும்.

அந்துருண்டையைப் பற்றி ஒரு சொல். பழைய வகை நாஃப்தலீனால் ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் அதை விலக்கியது. ஜி6பி.டி. என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைப் போர்த்தினாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரக்கூடும். பாட்டி எடுத்து வைத்த துணியாக இருந்தாலும் துவைத்து, வெயிலில் உலர்த்திய பிறகே குழந்தைக்கு. பூசை அறைக் கற்பூரமும் அந்துருண்டையும் சிறுவர் கண்ணுக்கு ஒன்றே. வேதியியலில் கற்பூரம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, ஆனாலும் விழுங்கினால் அதுவும் நஞ்சு. இரண்டையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மண்ணை மீட்பது

வழிகள் பல, எல்லாம் விலையுயர்ந்தவை. மண்ணைத் தோண்டி எடுத்து, மூடிய உலையில் சூடாக்கிச் சேர்மங்களை ஆவியாக்கி எரிப்பது உறுதியானது. தோண்ட முடியாத இடத்தில் சிமெண்டோடு கலந்து இறுக்கிவிடுவது, சுற்றிலும் நிலத்தடிச் சுவர் எழுப்புவது, மேலே களிமண்ணால் மூடுவது ஆகியவை நடைமுறையில் உள்ளன. இவை சேர்மத்தை அழிப்பதில்லை, அடைத்து வைக்கின்றன. நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மை செய்வதாகச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் எச்சரிக்கை தேவை. பாக்டீரியாக்கள் இரண்டு, மூன்று வளையங்களை நன்றாகவே தின்னும். ஐந்து வளையத்தில் அவற்றின் பல் இறங்குவதில்லை. மொத்த அளவு 80 விழுக்காடு குறைந்தது என்ற கணக்கு உண்மையாகவே இருக்கலாம், மீந்த 20-இல்தான் நாம் அஞ்சியது முழுவதும் இருக்கக்கூடும்.

சட்டமும் கேட்க வேண்டியவையும்

1996-ஆம் ஆண்டு அரசமைப்பின் 24-ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழல் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 1998-ஆம் ஆண்டுச் சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, மாசை உண்டாக்கியவரே அதைத் தடுக்கவும் சீர்செய்யவும் கடமைப்பட்டவர் என்கிறது. 2008-ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தில் மாசடைந்த நிலத்தைப் பற்றிய பகுதி 2014 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. காற்றில் பென்சீனுக்கான ஆண்டுச் சராசரி வரம்பு 2015 முதல் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம்.

இவற்றையெல்லாம்விட நடைமுறையில் பயன் தந்தது தகவல் பெறும் சட்டம். வாண்டர்பைல்பார்க் ஆலை 2003-இல் தயாரித்த சூழல் பெருந்திட்ட அறிக்கையை வால் சுற்றுச்சூழல் நீதிக் கூட்டணி கேட்டது, நிறுவனம் மறுத்தது, வழக்கு மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 நவம்பரில் அறிக்கையைக் கொடுக்கும்படி தீர்ப்பானது. தனியார் நிறுவனத்தின் பெட்டிக்குள் இருப்பது என்பதற்காக மட்டும் ஒரு மாசு அறிக்கை இரகசியமாகிவிடாது என்பது அன்றுமுதல் தெளிவு.

அப்படியோர் அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியவை:

1. ‘மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்’ என்று ஒரே எண்ணாகத் தந்திருக்கிறார்களா, 16 பல்வளையச் சேர்மங்களையும் தனித்தனியாகத் தந்திருக்கிறார்களா? முந்தையது மட்டும் இருந்தால் தாரைப் பற்றி அறிக்கை மௌனம்.

2. மாதிரி எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது? தார் இறங்கும் பொருள். மேல் அரை மீட்டரைச் சுரண்டி எடுத்த மண் கிணற்றைப் பற்றிப் பேசாது. பத்து மீட்டரில் எடுத்தது முற்றத்தில் விளையாடும் பிள்ளையைப் பற்றிப் பேசாது.

3. நிலம் எதற்கென்று கொண்டு ஒப்பிட்டிருக்கிறார்கள்? தொழிற்பேட்டைக்கான வரம்பில் தேறிய மண் குடியிருப்புக்கான வரம்பில் தோற்கலாம்.

4. சாலை பெயர்க்கும் வேலையாக இருந்தால், அது எந்தத் தார் என்று சோதித்தார்களா? நெதர்லாந்தில் கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் பல்வளையச் சேர்மங்கள் இருந்தால் அந்தத் துண்டுகளை மறுபடி சாலையில் போட முடியாது. அங்கே களத்தில் செய்யும் சோதனை எளியது. சாலையில் துளையிட்டு எடுத்த உருளைத் துண்டை உலர்த்தி, அதன் மேல் ஒரு வெள்ளைப் பூச்சைத் தெளிக்கிறார்கள். நிலக்கரித் தார் படிந்த அடுக்கு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெள்ளை மஞ்சள்பழுப்பாக மாறும். பிட்டுமன் மேல் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். சிறிய அளவுகளை இது காட்டாது என்பதால், நிறம் மாறாத துண்டும் அதோடு விடப்படாமல் ஆய்வகத்துக்குப் போகிறது.